போர் வீடியோ கேம்களில் பெண் சிப்பாய்களைக் காட்டும் விதம் சரியா? அவர்களைச் சேர்ப்பது வரலாற்றைத் திரிப்பது ஆகாதா?

திரிப்பது ஆகாது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படைகளில் மட்டும் ஏறக்குறைய 8 லட்சம் பெண்கள் பணியாற்றினார்கள். ஸ்னைப்பர்களாகவும் (மறைந்திருந்து தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடுபவர்கள்) போர் விமானிகளாகவும் நேரடியாகக் களத்தில் நின்றவர்கள் அவர்களில் உண்டு. அதற்கு முந்தைய உலகப் போரிலேயே, 1917இல், மரியா போச்கரேவா ரஷ்யாவில் பெண்களுக்கென்று ஒரு பட்டாலியனைத் திரட்டினார். உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இவ்வளவு போதும். முதல் பாதிதான் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

இந்த விளையாட்டுகளில் ஒரு பெண் துப்பாக்கியைத் தொட வேண்டுமானால், அவள் வீட்டில் ஒரு சாவு விழுந்தாக வேண்டும். 2000ஆம் ஆண்டு வந்த ‘மெடல் ஆஃப் ஹானர்: அண்டர்கிரவுண்ட்’ ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு இயக்கத்துப் பெண்ணான மனோனை நாயகியாக வைத்தது. அந்தக் காலத்தில் அது துணிச்சலான முடிவு, பாராட்டுகிறேன். ஆனால் கதை தொடங்கியவுடனே அவளுடைய சகோதரன் சாகிறான். 2019இல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர்’ விளையாட்டில் ஃபாரா சிறுமியாக இருக்கும்போதே தாயையும் தந்தையையும் பறிகொடுக்கிறாள். 2021இல் அதே வரிசையில் ‘வேன்கார்டு’ வந்தது. அதில் ஸ்டாலின்கிராடில் செவிலியாக இருக்கும் பொலினா, தந்தை கொல்லப்பட்ட பிறகுதான் ஸ்னைப்பர் ஆகிறாள்.

ஆண்களுக்கு இந்த நிபந்தனை கிடையாது. 2003இல் வந்த முதல் ‘கால் ஆஃப் டூட்டி’யில் மார்ட்டின் என்ற சாதாரண அமெரிக்கச் சிப்பாயாக விளையாடுவோம். அவன் ஏன் படையில் சேர்ந்தான், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விளையாட்டு சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை. அவன் சிப்பாய், அவ்வளவுதான். பழிவாங்கக் கிளம்பும் ஆண்களும் இந்த விளையாட்டுகளில் இருக்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குப் பக்கத்திலேயே நூறு மார்ட்டின்களும் நிற்கிறார்கள். பெண்களில் ஒரு மார்ட்டினை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றால், நான் வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி பக்கத்தில் வளர்ந்தவள். அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அருகில் இருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிறார்கள். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் ராணுவத்தில் சேர்ந்தால் காரணம் கேட்பவர் யாரும் இல்லை. நிலையான சம்பளம், 2022க்கு முன்பு சேர்ந்தவர்களுக்குப் பென்ஷன், கேன்டீன் கார்டு, ஊரில் ஒரு மரியாதை, சித்தப்பா போட்டிருந்த அதே சீருடை. நாட்டுப்பற்றும் இவற்றோடு கலந்தேதான் இருக்கிறது. இவற்றில் எதுவும் வெட்கப்பட வேண்டிய காரணம் இல்லை.

2022 நவம்பரில் வேலூரில் நடந்த ஆள்சேர்ப்பு முகாமில் ராணுவ போலீஸ் பிரிவுக்குப் பெண்களுக்கான தேர்வும் நடந்தது. அதைப் பார்த்த பிறகு எங்கள் பக்கத்தில் பல பெண்களுக்கு அந்த ஆசை வந்துவிட்டது. என் சித்தி மகளும் அவர்களில் ஒருத்தி. 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 10 அடி நீளத் தாண்டல், 3 அடி உயரத் தாண்டல் என்று பொழுது விடிவதற்கு முன்பே ஏரிக்கரையில் பயிற்சி செய்கிறாள். விடுமுறையில் என்னோடு உட்கார்ந்து பொலினாவின் கதையை முழுவதும் பார்த்தாள். முடிந்ததும் அவள் கேட்ட ஒரே கேள்வி: “ஏன் அக்கா, இவளுக்குச் சம்பளமே கிடையாதா?”

மிகச் சரியான கேள்வி என்று நினைக்கிறேன். பொலினாவுக்குத் தூண்டுதலாக இருந்த சோவியத் ஸ்னைப்பர் லியுத்மிலா பாவ்லிசென்கோ, போருக்கு முன்பே துப்பாக்கி சுடும் பயிற்சி எடுத்தவர். கீவ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தவர், ஜெர்மனி படையெடுத்ததும் தாமாகப் போய்ச் சேர்ந்தார். ஒடெசாவிலும் செவஸ்தபோலிலும் போரிட்டார். 309 எதிரிகளை வீழ்த்தியதாக அவர் கணக்கில் பதிவாகியிருக்கிறது. பயிற்சியும் முடிவும் பொறுமையும் கொண்ட அந்தப் பெண்ணை, தந்தையை இழந்து கொதிக்கும் மகளாக மாற்றினால்தான் ரசிகர்கள் ஏற்பார்கள் என்று யார் முடிவு செய்தார்கள்?

1942இல் பாவ்லிசென்கோ அமெரிக்கா போனபோது, போர்முனையில் பெண்கள் ஒப்பனை செய்துகொள்வார்களா என்று பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். அவருடைய சீருடைப் பாவாடையின் நீளத்தைப் பற்றிக்கூட எழுதினார்கள். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை. 2015இல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் 5’ விளையாட்டில் குவைட் என்ற ஸ்னைப்பர் உள்ளாடை போன்ற உடையில் பாலைவனத்தில் படுத்திருக்கிறாள். தோல் வழியாகச் சுவாசிப்பதால் அவளால் உடை உடுத்த முடியாது என்று கதை விளக்கம் தருகிறது. அந்தக் காரணத்தை எழுதியவர்களே அந்த உடையையும் வரைந்தவர்கள். ஆகவே அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. குறி தவறாத, கடைசியில் மனத்தைக் கனக்கச் செய்யும் அருமையான பாத்திரம் அவள். அதனாலேயே கோபம் கூடுகிறது. நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் பிஜிஎம்ஐ போன்ற விளையாட்டுகளிலும் பெண் உருவத்துக்கென்று விற்கும் உடைகளில் பலவற்றை அணிந்து ஒரு மதிலைக்கூட ஏற முடியாது.

இனி, உங்களைப் போலக் கேட்பவர்கள் பக்கம் இருக்கும் நியாயம். 2018 மே மாதம் ‘பேட்டில்ஃபீல்டு 5’ முன்னோட்டத்தில் செயற்கைக் கையோடு ஒரு பெண் சிப்பாய் வந்தபோது கிளம்பிய கூச்சலில் பெரும்பகுதி வெறும் வெறுப்பு. ஆனால் அதே விளையாட்டின் நார்வே அத்தியாயத்தில் எனக்கும் உடன்பாடு இல்லை. 1943 பிப்ரவரியில் வெமோர்க் ஆலையில் ஜெர்மானியர்களின் அணு ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்ட கனநீர் உற்பத்தியை முடக்கியவர்கள் பிரிட்டனில் பயிற்சி பெற்ற நார்வே கமாண்டோக்கள். எல்லோரும் ஆண்கள். பனியில் பட்டினி கிடந்து அவர்கள் செய்த காரியத்தை, தாயை மீட்க வரும் சோல்வேய் என்ற கற்பனைப் பெண்ணுக்கு விளையாட்டு கொடுத்துவிட்டது. அடுத்தவர் உழைப்பை எடுத்துக் கொடுப்பது பெண்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை. அதுவும், உண்மையில் போருக்குப் போன பெண்கள் இத்தனை பேர் காத்திருக்கும்போது.

தமிழர்களாகிய நமக்கு வெகு தூரம் போக வேண்டாம். வேலூரில் குடியரசு தின அணிவகுப்பு நடக்கும் மைதானத்துக்கு நேதாஜி பெயர்தான். அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் 1943இல் ஜான்சி ராணி படைப்பிரிவு உருவானது. தலைமை தாங்கிய லட்சுமி சுவாமிநாதன் சென்னையில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை. கூந்தலை வெட்டிக்கொண்டு, காற்சட்டையும் தொப்பியும் அணிந்து, ரைபிளும் அதன் முனையில் செருகும் கத்தியும் பழகினார்கள். பர்மாவுக்குப் போனார்கள். 1945இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது விமானத் தாக்குதலுக்குத் தப்ப இரவில் நடந்தார்கள். முன்வரிசையில் பெரிய சண்டை அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அதனால் விளையாட்டாகாது என்று தோன்றலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கையால் முதன்முறை ரைபிளைப் பிடிப்பது, ஆணையிட்டுப் பழகுவது, இருட்டில் காயம்பட்டவளைத் தாங்கிக்கொண்டு ஆற்றைக் கடப்பது, தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டதும் மொத்தப் பிரிவையும் மரங்களுக்குள் மறைப்பது. இத்தனையும் விளையாடக் கூடியவை. பெரிய நிறுவனம் எதுவும் இதைத் தொட்டு நான் பார்க்கவில்லை. சென்னையிலோ கோவையிலோ விளையாட்டு உருவாக்கும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எடுத்துச் செய்யுங்கள். நாயகிக்கு யாரையும் சாகடிக்காமல் செய்யுங்கள். அவள் பெயர் கொடுத்தாள், தேர்வானாள் என்பது போதும்.

இப்போதைக்கு எதை விளையாடலாம் என்று கேட்டால், 2015இல் வந்த ‘ரெயின்போ சிக்ஸ் சீஜ்’ என்பேன். ஆஷ், ட்விட்ச் போன்ற பெண்கள் அங்கே ஆண்களைப் போலவே குண்டு துளைக்காத கவசமும் பையும் சுமந்து வருகிறார்கள். அவரவர் வேலை அவரவருக்கு. கதவைத் தகர்க்க ஆள் வேண்டுமா, ஆஷை எடுங்கள். அவள் ஏன் வந்தாள் என்று அந்த அணியில் ஒருவரும் கேட்பதில்லை.