தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ஒளியியலை நம்பிப் பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் 'ஒளியியல் அறிஞர் தேவை' என்று விளம்பரம் வருமெனக் காத்திருந்தால் வயதுதான் ஏறும். நான் இராயபுரத்தில் வளர்ந்தவன். லென்ஸ்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். கல்யாண வீடுகளில் இன்றும் "மூக்குக் கண்ணாடிக் கடையா தம்பி?" என்றுதான் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவேன்.

உங்கள் ஆய்வகத்தில் நியூட்டன் வளையங்கள் சோதனை இருக்கும். பெரும்பாலோர் சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து அளவுகளை எடுத்து எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். என் சம்பளமே அந்தச் சோதனையில்தான் இருக்கிறது. மெருகேற்றிய லென்ஸின்மேல், வளைவு துல்லியமாகத் தெரிந்த இன்னொரு கண்ணாடியை வைப்போம். நடுவிலுள்ள காற்றிடைவெளி அரை அலைநீளம் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி விழும். சோடியம் ஒளியில் அந்த மாற்றம் சுமார் 295 நானோமீட்டர். வரி நெளிந்தால் லென்ஸ் மறுபடி பட்டறைக்குப் போகும். மற்ற நேரமெல்லாம் தூசியோடு சண்டைதான்.

கல்லூரிக் கருவிதானே என்று இளக்காரம் வேண்டாம். மாநிலக் கல்லூரியில் ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்துப் பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்த மாணவர் சி.வி. இராமன், அதில் தெரிந்த சமச்சீரற்ற விளிம்பு விளைவுப் பட்டைகளை (விளிம்பில் ஒளி வளைவதால் விழும் வரிகளை) பிடித்துக்கொண்டார். 1906இல் வந்த முதல் கட்டுரை அதைப் பற்றியதுதான். அப்போது அவருக்கு 18 வயது. அப்படியும் அடுத்த ஆண்டே கல்கத்தாவில் நிதித்துறை வேலைக்குப் போனார். 1917 வரை ஆராய்ச்சியெல்லாம் அலுவலக நேரத்துக்கு வெளியேதான்.

ஒளியால் தகவல் அனுப்பும் கண்ணாடி இழைகள், அதாவது ஒளியிழைத் துறையில் ஆள் தேவை அதிகம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் கேபிள் போகிறது. அதில் 1550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்கு இழப்பு மிகக் குறைவு, கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவில்தான். அப்படியிருந்தும் 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒரு பங்கே மிஞ்சும். அதனால் ஒளியை மறுபடி வலுவாக்கும் எர்பியம் பெருக்கிகளை வழியெங்கும் வைக்கிறார்கள். இதையெல்லாம் கணக்கிட இயற்பியல் தெரிந்தவர் வேண்டும்.

ஆராய்ச்சிதான் வேண்டுமென்றால் ஊரைவிட்டுக் கிளம்பத் துணியுங்கள். ஒளிக்கருவிகளுக்கு டேராடூன், லேசருக்கு இந்தோர், தொலைநோக்கிகளுக்குப் பெங்களூரு, ஒளியைக் கையாளும் தொழில்நுட்பமான ஃபோட்டானிக்ஸ் படிக்கக் கொச்சிப் பல்கலைக்கழகம். வீட்டில் உடனே சம்பளம் வேண்டுமென்றால் மணலி, எண்ணூர் ஆலைகளில் முயன்று பாருங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை. எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வு எழுதுவதாக இருந்தால் கணித முறைகளையும் மின்காந்தவியலையும் இப்போதே தொடங்குங்கள். அந்தத் தேர்வில் ஒளியியல் ஒரு பகுதி மட்டுமே.