கோலாலம்பூர் பிபிஆர் (அரசின் மலிவு வாடகை அடுக்குமாடி) வீட்டில் வைத்து ‘ஷேம்லெஸ்’ மாதிரி ஒரு தமிழ்த் தொடர் எழுத முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் போட்டிருக்கும் கதைச் சுருக்கத்தை வைத்து முடியாது. குடிகார அப்பா, ஓடிப்போன அம்மா, ஆறு பிள்ளைகள், செந்தூலில் ஒரு பிபிஆர் வீடு, கடைசி எபிசோடில் அப்பா திருந்துகிறார். முதல் நான்கையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஐந்தாவதுதான் கதையைக் கொல்கிறது.

தீபாவளி டெலிமூவி பார்த்து வளர்ந்த கை அப்படித்தான் எழுதும். அரசு மருத்துவமனைக் கட்டில், மூக்கில் குழாய், மகள் கையைப் பிடித்து அப்பா மன்னிப்பு கேட்பார், பின்னணியில் புல்லாங்குழல். ஏழைக் குடும்பம் ஒன்றின் கதையான அமெரிக்க ‘ஷேம்லெஸ்’ 134 எபிசோடு ஓடியது. அதில் வரும் குடிகார அப்பா பிராங்க் கல்லகர் ஒரு எபிசோடிலும் நிரந்தரமாகத் திருந்தவில்லை. கல்லீரல் கெட்டு, மாற்றுக் கல்லீரல் வைத்த பிறகும் குடித்தார். அதற்காகக் குடியைக் கொண்டாடச் சொல்கிறேன் என்று யாரும் கீழே வந்து எழுத வேண்டாம். பிபிஆரில் இருப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான் என்றும் நான் சொல்லவில்லை. அப்பா திருந்துவாரா என்ற கேள்வியில் தொடரைக் கட்டினால் பதில் வந்த அன்று தொடர் முடிந்துவிடும். அவ்வளவுதான் என் வாதம்.

தொடரைக் கட்ட வேண்டியது காசின்மேல். இந்த மாதம் எவ்வளவு குறைகிறது, யார் எங்கே போய்ப் புரட்டுகிறார்கள் என்பதுதான் ஒவ்வொரு எபிசோடின் கதை. அமெரிக்கத் தொடரின் முதல் எபிசோடிலேயே, பசியாறும் மேசையில் மின்கட்டணத்துக்கு ஆளாளுக்குக் காசு போடுவார்கள். குளிர்காலத்துக்கென்று ஒரு சேமிப்பும் அந்த வீட்டில் உண்டு. யார் எவ்வளவு போடுகிறார், யார் போடாமல் நழுவுகிறார் என்று பார்த்தாலே ஆறு பிள்ளைகளும் யார் யார் என்று தெரிந்துவிடும். அறிமுக வசனம் ஒன்றுகூடத் தேவைப்படாது.

பார்ப்பதென்றால் 11 சீசனையும் திரும்பப் பார்க்க வேண்டாம். பால் அபாட் எழுதிய பிரிட்டிஷ் மூலம் சேனல் 4-இல் 2004 முதல் 2013 வரை ஓடியது. அதன் முதல் சீசன் 7 எபிசோடுதான். அமெரிக்க வடிவம் ஷோடைம் என்ற கட்டணச் சேனலில் 2011 முதல் 2021 வரை. அதில் முதல் சீசன் 12. இரண்டு முதல் சீசன்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மான்செஸ்டரில் இருந்து சிகாகோவுக்கு வீடு மாறும்போது எதை வைத்துக்கொண்டார்கள், எதை மாற்றினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யப்போவதும் அதே வேலைதான். அபாட் எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. தாய் வீட்டைவிட்டுப் போய், பிறகு தகப்பனும் விட்டுப் போய், 17 வயது அக்காவின் கையில் வளர்ந்தவர். அப்படிப்பட்ட வீட்டில் யாரும் தன்னைத் தானே பார்த்துப் பரிதாபப்படுவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் தொடர்களில் பஞ்சமாக இருப்பது அதுதான்.

இப்போது கணக்கு. வசனம் எழுதும் முன் ஒரு தாளில் அந்த வீட்டின் மாத வரவு செலவை எழுதுங்கள். மூத்தவள் பேரங்காடியில் காசாளர், குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). சேமநிதியான இபிஎஃப் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவும் போனால் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. அடுத்தவன் மோட்டரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். மழை பெய்தால் ஆர்டர் கூடும், விழுந்து எழும் வாய்ப்பும் கூடும். செலவுப் பக்கம் பிபிஆர் வாடகை 124. சமையல் கேஸ் 14 கிலோ சிலிண்டர் 26 வெள்ளி 60 சென், மேலே தூக்கிவந்து கொடுப்பவருக்குத் தனியாக. 10 கிலோ உள்ளூர் அரிசி 26. அதற்குமேல் கரண்டு பில், பள்ளி வேன், மோட்டர் தவணை, கைப்பேசி டாப்அப்.

தாளைப் பார்த்தவுடன் ஒன்று புரியும். வாடகை நெருக்கடி இங்கே கதை ஆகாது. 124 வெள்ளியை யாரிடமாவது வாங்கிவிடலாம். பாக்கி ஏறி மாநகர மன்றமான டிபிகேஎல் நோட்டீஸ் ஒட்டும் வரை போவது ஒரு முழு சீசனுக்கான இழுவை. மருத்துவச் செலவும் அப்படித்தான். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை பில் குடும்பத்தையே கவிழ்க்கும். இங்கே குடிமகனுக்கு அரசு கிளினிக்கில் 1 வெள்ளி. அந்தத் திருப்பத்தை அப்படியே இறக்கினால் சவுக்கிட்டில் இருக்கிற பாட்டிகூடச் சிரிப்பார். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்று வையுங்கள். தாய் வெளிநாட்டுக்காரர், திருமணம் பதிவாகவில்லை. அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் அதே கிளினிக்கில் வெளிநாட்டவர் கட்டணம். காய்ச்சல் வந்தால் போதும், ஒரு எபிசோடு கிடைக்கும். அண்ணன் பெயரைச் சொல்லித் தம்பிக்கு மருந்து வாங்கப் போகிறார்கள், வயது இடிக்கிறது. சிரிப்பும் அங்கேயே இருக்கிறது, வலியும் அங்கேயே இருக்கிறது.

இந்த வீட்டைக் கவிழ்ப்பது ஒரேயடியாகப் போகிற பெரிய தொகைதான். மோட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கொள்முதல் சட்டப்படி தொடர்ந்து 2 மாதத் தவணை தவறினால் நோட்டீஸ் அனுப்பலாம், அதிலிருந்து 21 நாள் கழித்துத்தான் வண்டியை இழுக்கலாம். வாரத்துக்கு ஒரு எபிசோடு என்றால் மூன்று வாரத்துக்கான கெடு சட்டமே எழுதிக் கொடுத்திருக்கிறது. அதற்குள் வண்டியை எந்த பிளாக்கின் பின்னால் மறைப்பது, யாருடைய கார் ஷெட்டில் நிறுத்துவது என்று பிள்ளைகள் செய்யும் அட்டகாசம் நகைச்சுவை. வண்டி போனால் இரண்டாமவனின் வருமானமும் போகும் என்பது கதை.

இன்னொன்று கூட்டு, அதாவது சீட்டு. பத்து பேர், ஆளுக்கு 200, மாதம் ஒருவருக்கு 2,000. மூத்தவளுக்கு எட்டாவது மாதம் வருகிறது, அதை நம்பி அவள் திட்டம் போட்டிருக்கிறாள். ஐந்தாவது மாதம் கூட்டுப் பிடிக்கும் பெண்மணி காணாமல் போகிறார். போலீசுக்குப் போகத் தயங்குவார்கள், ஏனென்றால் கூட்டு நடத்துவதையே 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அவர் ஓடவே இல்லை, எட்டாவது மாதம் அப்பா போய் மகள் பெயரில் காசை வாங்கிவிட்டார் என்று மாற்றி வைத்தால் இன்னும் நல்லது, வில்லன் வீட்டுக்குள்ளேயே இருப்பார். ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) கதையை மட்டும் முதல் சீசனில் தொடாதீர்கள். கதவில் சிவப்புச் சாயம், பூட்டின்மேல் சங்கிலி, விளக்குக் கம்பத்தில் அடையாளக் கார்டு நகல் என்று காட்சி சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அது வந்தவுடன் தொடர் குண்டர் கதையாகிவிடும். பிறகு நகைச்சுவை திரும்ப வராது.

நேராக எடுத்து ஒட்ட முடியாத இன்னும் சில இருக்கின்றன. சிகாகோவில் கல்லகர் வீட்டு மூத்த மகன் லிப் காசு வாங்கிக்கொண்டு பிறருக்காகக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதுவான். இங்கே பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் அறையில் மேசைமேல் மைகார்டு (அடையாளக் கார்டு) இருக்க வேண்டும், அது இங்கே நடக்காது. தனியார் கல்லூரி மாணவர்களுக்கு அசைன்மென்ட் எழுதிக் கொடுப்பது நடக்கும், நடந்துகொண்டும் இருக்கிறது. செத்துப்போன ஜிஞ்சர் அத்தையின் உதவித்தொகையை வாங்கிக்கொண்டே இருப்பார்களே, அதற்கு இங்கே பெரியம்மாவின் ஏடிஎம் அட்டை போதும். ஆனால் தமிழ் வீட்டில் சாவை மறைக்க முடியாது. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஐம்பது பேர் வந்து போயிருப்பார்கள். அதனால் பெரியம்மா சாகக்கூடாது. மூத்த மகன் வந்து ஜொகூருக்கு அழைத்துக்கொண்டு போய்விடுகிறார், அட்டை மட்டும் இங்கே தங்கிவிடுகிறது.

எல்லாரும் தவறவிடும் பெரிய ஓட்டை சொந்தக்காரர்கள். கல்லகர் பிள்ளைகள் தனியாக இருப்பது அங்கே நம்பும்படி இருக்கிறது, பக்கத்து வீட்டு கெவினும் வெரோனிகாவும் போதும். நம்ம ஊரில் அம்மா ஓடிப்போன ஒரே வாரத்தில் கிள்ளான் அத்தை சின்னவனையும், சித்தி பெண் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஏன் போகவில்லை என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும், அதுவும் முதல் எபிசோடிலேயே. எனக்குப் பிடித்த பதில்: அத்தை வீட்டுக்காரரை அப்பா ஒரு கடனுக்கு ஜாமீன் போட வைத்து, கட்டாமல் ஓடிவிட்டார். அத்தை அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டிருக்கிறார். ஆனால் தைப்பூசத்தன்று பத்துமலையில் எல்லாரும் முட்டிக்கொண்டுதான் ஆக வேண்டும். அந்த எபிசோடை ஆறாவதாக வையுங்கள், அதற்குள் பார்ப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் பழகியிருக்கும்.

அளவு விஷயம். ஷோடைமில் விளம்பரம் கிடையாது, ஒரு எபிசோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஐந்தாறு கதை இழை ஓடும். நமக்குக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் விளம்பரம் போக 22 நிமிடம்தான். மூன்று இழைக்குமேல் தாங்காது: காசு ஒன்று, பிள்ளைகளில் ஒருவருடைய சங்கதி ஒன்று, அப்பாவின் திருட்டு வேலை ஒன்று. 18 முதல் 20 காட்சி, எதுவும் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டக்கூடாது. அப்பாவுக்கு நான்கு காட்சி போதும். நல்ல நடிகர் கிடைத்துவிட்டால் எட்டாக்கச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் நாலு பேரோடு உட்காரும் இடத்துக்கு, பிரிட்டிஷ் தொடரின் ஜாக்கி பாரோ அமெரிக்கத் தொடரின் அலிபாயோ இங்கே வேண்டாம். பிளாக்கின் கீழே மளிகைக் கடை வையுங்கள், 555 நோட்டில் கடன் எழுதும் கடைக்காரரோடு. அந்த நோட்டு ஒன்றே ஒரு கதாபாத்திரத்துக்குச் சமம்.

வசனத்தில் வறுமை என்ற சொல்லே வரக்கூடாது. “அக்கா, நம்ம கஷ்டம் எப்போ தீரும்?” என்று ஒரு பிள்ளையும் கேட்காது. “கேஸ் முடிஞ்சுக்கா. மெகிய பச்சத் தண்ணில ஊறப்போட்டா வெந்துருமா?” என்றுதான் கேட்கும். அதற்கு அக்கா, “எதிர்வீட்டு காக்காகிட்ட சுடுதண்ணி வாங்கிட்டு வா லா, போன வாரம் அவங்களுக்கு முட்டை குடுத்தோம்ல” என்பாள். காக்கா என்றது எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவை. கொடுத்ததும் வாங்கியதும் கணக்கில் இருக்கிற வீடு அது. இதை எடுத்துச் சுத்தத் தமிழாக்கி “அண்டை வீட்டார்” என்று திருத்தித் தருகிற ஆட்கள் இருப்பார்கள். அவர்களோடு மல்லுக்கட்டத் தெம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எரிச்சலையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து “நம்மாளுங்களுக்கு ஒரு தொடர் எடுக்கத் தெரியல” என்று தே தாரே டீ ஆற்றுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் திருட்டு ஆண்ட்ராய்டு பெட்டி. உள்ளூர்த் தொடர் வந்த மறுநாள் அதை முழுதாக டெலிகிராமில் ஏற்றுவதும் அவர்கள் கூட்டாளிதான். விளம்பரம் வரவில்லை என்றால் இரண்டாவது சீசன் எங்கிருந்து வரும்? எழுத்தாளருக்குக் காசு எப்போது வரும் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை, இரத்த அழுத்தம் ஏறும்.

சரி, படப்பிடிப்பு. உண்மையான பிபிஆர் வீட்டுக்குள் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். மூன்று அறை, மொத்தம் 700 சதுர அடி வரும். கேமரா, விளக்கு, ஒலிக்காரர் என்று நுழைந்தால் நடிகர் நிற்க இடம் இருக்காது. அமெரிக்கக் குழு வீட்டின் வெளிப்புறத்தையும் தெருவையும் சிகாகோவில் எடுத்தது, உள்புறம் எல்லாம் பர்பேங்க் ஸ்டூடியோ. நீங்களும் நடைபாதை, படிக்கட்டு, லிஃப்ட் வாசல், மோட்டர் நிறுத்துமிடம் இவற்றை மட்டும் நிஜத்தில் எடுங்கள். உள்ளே வருவதைப் பழைய தொழிற்சாலை லாட் ஒன்றில் செட் போட்டு, இரண்டு சுவரைக் கழற்றும்படி செய்யுங்கள். அளவை மட்டும் பெரிதாக்காதீர்கள், நெருக்கடிதான் அந்த வீட்டின் நகைச்சுவை. தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாசின் படப்பிடிப்புச் சான்றிதழ், கட்டட நிர்வாகத்தின் கடிதம் இரண்டும் கையில் இருக்கட்டும். ஒலிதான் பெரிய தலைவலி. நடைபாதை எதிரொலிக்கும், மேல் மாடியில் யாரோ எப்போதும் துளை போடுவார்கள். நீள வசனக் காட்சி ஒன்றையும் நடைபாதையில் வைக்காதீர்கள்.

மூத்தவளாக நடிப்பவரோடு குறைந்தது இரண்டு சீசனுக்கு ஒப்பந்தம் போடுங்கள். பிரிட்டிஷ் தொடரில் மூத்த மகள் பியோனா இரண்டாவது சீசனோடு போனார். தொடர் அதற்குப் பிறகும் பல ஆண்டு ஓடியது, ஆனால் மெல்ல மெல்ல வேறு குடும்பத்தின் கதையாகியது. அமெரிக்காவில் பியோனாவாக நடித்த எம்மி ராஸம் 2019-இல், ஒன்பதாவது சீசனில் விலகினார். அதற்குப் பின் வந்த இரண்டு சீசனில் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். காசை எண்ணுகிற ஆள் போனால் எண்ணுவதற்கே யாரும் இல்லை.

பினாங்கில் எடுக்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடி 1960-களின் கடைசியில் எழும்பியது, வீடுகள் பிபிஆரைவிடச் சின்னவை, படத்தில் பார்க்க இன்னும் நெருக்கமாக இருக்கும். ஆனால் கோலாலம்பூருக்கு எழுதிய வசனத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே கடைத்தெருப் பேச்சில் ஹொக்கியன் கலக்கும், உள்ளூர் ஆள் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்த வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் தேதி வைக்க வேண்டாம், மழை அதிகம். திறந்த நடைபாதையில் ஒரு ஷாட்கூட எடுக்க முடியாது.