பாட்டுப் பக்கம்: ரோட்டுல பொறந்த ஒரு ஆல்பம்

போன இதழ்ல ஆர்.இ.எம். பேண்டோட 'நியூ அட்வென்சர்ஸ் இன் ஹை-ஃபை' ஆல்பத்த பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன், 1996ல வந்த ராக் ஆல்பங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஆனா யாரும் பேசறதே இல்லன்னு. அதுக்கு இத்தன கடிதம் வந்திருக்கு. அதனால இந்த தடவ பக்கம் முழுக்க அதுக்கே.

கே: அக்கா, எனக்கு ஆர்.இ.எம்.னா 'லூசிங் மை ரிலிஜன்' மட்டும்தான் தெரியும். நீங்க சொன்னீங்களேன்னு இந்த ஆல்பத்த போட்டேன், முதல் பாட்டே சோம்பலா போகுது, நடுவுல பியானோ தடுமாறுது. இதுல அப்படி என்ன இருக்குன்னு ரசிக்கிறாங்க? (செந்தூல் வாசகர்)

ப: தம்பி, அந்தப் பியானோ தடுமாறுதுல்ல, அத இன்னொரு தடவ கேளுங்க. கீழ ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் ஒரே சீரா நடந்துகிட்டே இருக்கு, மேல பியானோ மட்டும் எங்க கால் வைக்கலாம்னு தேடித் தேடி விழுது, அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி பாட்டு அது பாட்டுக்குப் போகுது. வேணும்னே அப்படித்தான் வாசிச்சிருக்காங்க. முதல் பாட்டே இப்படின்னா, ஹிட்டு தேடிப் போட்ட ஆல்பம் இல்லன்னு அங்கயே புரிஞ்சிடணும்.

இது எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சா கேக்குறதே மாறிடும். அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம், ஏதன்ஸ் ஊர்ல 1980ல ஆரம்பிச்ச பேண்டு, நாலு பேரு: பாட்டு மைக்கல் ஸ்டைப், கிட்டார் பீட்டர் பக், பேஸ் மைக் மில்ஸ், ட்ரம்ஸ் பில் பெர்ரி. 1991லயும் 1992லயும் வந்த ரெண்டு ஆல்பமும் உலகம் பூரா பிச்சுக்கிட்டுப் போச்சு, ஆனா அதுக்கெல்லாம் அவங்க டூர் போகல. 1995லதான் பெரிய டூர் கெளம்புனாங்க, போன எடத்துல எல்லாம் சோதன. மார்ச் 1ஆம் தேதி சுவிட்சர்லாந்துல லாசான் நகரத்துல கச்சேரி நடக்கும்போதே பில் பெர்ரிக்கு மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு மேடையிலயே விழுந்துட்டாரு. ஆபரேஷன் பண்ணி பொழச்சு, மே மாசமே திரும்பி வந்து ட்ரம்ஸ்ல உக்காந்துட்டாரு. அடுத்து மில்ஸுக்கு வயித்துல ஆபரேஷன், அதுக்கப்புறம் ஸ்டைப்புக்கு ஹெர்னியா ஆபரேஷன். வேற பேண்டா இருந்தா மூட்டையக் கட்டிகிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க, இவங்க என்னடான்னா அந்த டூர்லயே எட்டு டிராக் ரெக்கார்டர கூடவே தூக்கிட்டுப் போயி சவுண்ட் செக்லயும் (கச்சேரிக்கு முன்னாடி சத்தத்த சரிபாக்குற வாசிப்பு) மேடையிலயும் புதுப் பாட்டா பதிவு பண்ணிகிட்டே போனாங்க. 'எலக்ட்ரோலைட்' ஃபீனிக்ஸ்ல சவுண்ட் செக், 'பிட்டர்ஸ்வீட் மீ' மெம்ஃபிஸ்ல, 'லீவ்' அட்லாண்டாவுல. 'ஸிதர்'னு ஒரு சின்ன இசைத் துண்டு, அது ஃபிலடெல்ஃபியாவுல டிரெஸ்ஸிங் ரூம்ல எடுத்தது. மொத்தம் 14 பாட்டு, அதுல நாலுதான் சியாட்டில் ஸ்டூடியோவுல பதிவு பண்ணது, நீங்க சோம்பல்னு சொன்ன முதல் பாட்டும் அந்த நாலுல ஒண்ணு.

சவுண்ட் செக்னா அரங்கத்துல ஆளே இருக்க மாட்டாங்க, ஆயிரக்கணக்கான காலி நாற்காலிக்கு முன்னாடி நாலு பேரு தங்களுக்காக வாசிக்கிறாங்க. யாரையும் கவர வேண்டிய அவசியம் இல்லாத ஒரு நிம்மதி அந்த வாசிப்புல இருக்கு, அதே நேரம் டூர்ல இருக்கறதால கை நல்லா சூடா இருக்கு. இந்த ரெண்டும் ஒரே நேரத்துல ஸ்டூடியோவுல கெடைக்காது. ரசிகர்கள் இந்த ஆல்பத்த விடாம புடிச்சிட்டு இருக்கறதுக்கு முதல் காரணம் இதுதான்னு நான் நெனைக்கிறேன்.

'லீவ்' பாட்ட மட்டும் தனியா சொல்லணும். ஆரம்பத்துல ஒரு நிமிஷம் மெதுவான கிட்டார், தூங்க வைக்கிற மாதிரி, திடீர்னு சைரன் மாதிரி ஒரு சத்தம் ஏறி எறங்க ஆரம்பிக்கும், அது நிக்கவே நிக்காது, பாட்டு 7 நிமிஷத்துக்கு மேல, சைரனும் கிட்டத்தட்ட கடைசி வரைக்கும். முதல் தடவ எரிச்சலா இருக்கும். அதுக்கு மேல ஸ்டைப் பாடறத கேட்டுகிட்டே இருந்தா ஒரு கட்டத்துல சைரன் காதுல விழறது நின்னு போயி மனசுல மட்டும் ஓடிட்டு இருக்கும், ஊர விட்டு, ஆள விட்டு கெளம்ப முடிவு பண்ணவங்களுக்கு அந்தப் பதட்டம் தெரியும்.

கே: அவ்ளோ நல்ல ஆல்பம்னா ஏன் ஓடல? (பட்டர்வொர்த் வாசகர்)

ப: ஓடவே இல்லன்னு சொல்ல முடியாது. இங்கிலாந்துல முதல் இடம், அமெரிக்காவுல ரெண்டாவது இடம் வரைக்கும் போச்சு. ஆனா வந்த வேகத்துல எறங்கிடுச்சு. முன்னாடி வந்த ஆல்பங்கள் வித்த அளவுக்கு இது விக்கல, அதுவும் அந்த நேரம் பாத்துதான் வார்னர் ரெக்கார்ட் கம்பெனியோட புது ஒப்பந்தம் போட்டிருந்தாங்க, 80 மில்லியன் டாலர்னு பத்திரிகையெல்லாம் எழுதுச்சு, அப்படி ஒரு தொக காதுல விழுந்ததுக்கப்புறம் ஆல்பத்த எவன் பொறுமையா கேப்பான், எல்லாரும் கணக்குப் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. முதல் சிங்கிளா, அதாவது தனிப் பாட்டா, அவங்க வெளியிட்டதோ 'இ-போ தி லெட்டர்', அது பாதி பேச்சு பாதி பாட்டு, ரேடியோவுக்கு ஒத்தே வராது. அமெரிக்காவுல 49ஆவது இடத்தோட நின்னுச்சு. அத முதல்ல விட்டது வியாபாரத்துக்கு கேடுதான், ஆனா அந்த தைரியத்துக்காகவே நான் அவங்கள மதிக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடற ஆல்பம், அதுவும் ஒரு தடை. என்னக் கேட்டா 'பிங்கி தி டோர்மேட்' பாட்ட எடுத்திருக்கலாம்.

1997 அக்டோபர்ல பில் பெர்ரி பேண்டுல இருந்து வெலகிட்டாரு, அப்புறம் விவசாயம் பாக்கப் போயிட்டாரு. நாலு பேரும் சேந்து வாசிச்ச கடைசி ஆல்பம் இதுதான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. ஸ்டைப்பே தன்னோட ஆல்பங்கள்ல இதுதான் தனக்கு ரொம்பப் பிடிச்சதுன்னு சொல்லியிருக்காரு.

கே: தங்கச்சி, என் மகன் ராத்திரியெல்லாம் அந்த 'இ-போ' பாட்டத்தான் போட்டுகிட்டு இருக்கான். யாரோ அழற மாதிரி ஒரு இழுவ சத்தம், கூட ஒரு பொம்பள குரல் வேற. அது என்ன சத்தம்மா? பையன் ஏதும் கவலையில இருக்கானோன்னு பயமா இருக்கு. (கிள்ளான் வாசகி)

ப: அக்கா, முதல்ல சத்தத்த சொல்லிடறேன். இ-போன்னா உள்ளங்கையில அடங்கற ஒரு சின்னப் பெட்டி, 9 வோல்ட் பேட்டரில ஓடும். அத கிட்டார் கம்பிக்கு மேல படாம புடிச்சா, உள்ள இருக்கற ஒரு காயில் (கம்பிச் சுருள்) கிட்டார் கம்பியோட அதிர்வ புடிச்சுக்கும், இன்னொரு காயில் காந்த சக்தியால அதே கம்பிய திருப்பி ஆட்டும். விரலால மீட்டவே வேணாம், புடிச்சிருக்கற வரைக்கும் சத்தம் நிக்காம இழுத்துகிட்டே இருக்கும். பீட்டர் பக் அததான் வாசிக்கிறாரு.

அந்தக் குரல் பேட்டி ஸ்மித்ங்கற அமெரிக்கப் பாடகியோடது. ஸ்டைப் 15 வயசுல அவங்களோட 'ஹார்ஸஸ்' ஆல்பத்த கேட்டுட்டுத்தான் பாட்டுப் பக்கமே வந்தாரு. பேட்டி ஸ்மித்தோட கணவர் 1994 கடைசியில தவறிட்டாரு, அந்த துக்கம் ஆறாத காலத்துல வந்து பாடிக் குடுத்தாங்க. வரிகள் ஸ்டைப் எழுதி வச்சு அனுப்பாமலே விட்ட ஒரு கடிதத்துல இருந்து வந்தது. கவலப்படறவனுக்கு கூட உக்காந்திருக்கற மாதிரி பாட்டு அது, பாட்டு கேக்கறதாலயே பையன் ஒடஞ்சிட்டான்னு நெனைக்காதீங்க. ஆனா சாப்பாடு, தூக்கம், கூட்டாளிங்க எல்லாம் வழக்கம் போல இருக்கான்னு மட்டும் பாருங்க, மாறியிருந்தா நேரா கேளுங்க. இல்லன்னா ஒரு ராத்திரி அவன் பக்கத்துல உக்காந்து பாட்ட முழுசா கேளுங்க, என்ன பிடிச்சிருக்குன்னு அவனே சொல்லுவான்.

கே: அக்கா நாங்க ஜார்ஜ்டவுன்ல நாலு பசங்க, பேண்டு வச்சிருக்கோம், ஸ்டூடியோவுக்கு காசு இல்ல. இவங்க மாதிரி நாங்க பழகற ஜாம் ரூம்லயே ஆல்பம் பண்ண முடியுமா? (பினாங்கு வாசகர்)

ப: முடியும், தாராளமா பண்ணுங்க. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க, அவங்க ஏதோ ஒரு மைக்க நடுவுல வச்சு எடுக்கல, ஒவ்வொரு வாத்தியத்தயும் தனித் தனி டிராக்ல புடிச்சாங்க, அப்புறம் ஆல்பத் தயாரிப்பாளர் ஸ்காட் லிட்டோட சேந்து உக்காந்து மிக்ஸ் பண்ணாங்க. நீங்களும் தனியா புடிங்க, இப்ப எட்டு சேனல் இன்டர்ஃபேஸ் (மைக்குகள கம்ப்யூட்டரோட இணைக்கற பெட்டி) வாடகைக்கே கெடைக்குது. ரெக்கார்டிங் நேரத்துல ஃபேன், ஏர்கான் ரெண்டையும் நிறுத்திடுங்க, வேர்த்து ஊத்தும், பரவால்ல. ஜிங்க் கூரைன்னா மழை வர்ற சாயங்காலத்த நம்பாதீங்க. இதவிட முக்கியம், அவங்க 15 வருஷம் சேந்து வாசிச்ச ஆளுங்க, அதனாலதான் சவுண்ட் செக்ல எடுத்ததே ஆல்பமா நின்னுச்சு. நீங்க முதல்ல நாலு கச்சேரிலயாவது பாட்ட வாசிச்சுப் பாத்துட்டு அப்புறம் ரெக்கார்ட் பட்டன அமுக்குங்க.

கே: ராஜா சார் பாட்டு இருக்கும்போது நமக்கு இந்த வெள்ளக்காரன் சத்தமெல்லாம் எதுக்குலா? (ரவாங் வாசகர்)

ப: அண்ணே, ராஜா சார் பாட்டுல பேஸ் கிட்டார் தனியா ஒரு மெட்டு பாடிகிட்டே போறத ரசிச்ச காது உங்களுது. அதே காதோட 'எலக்ட்ரோலைட்'ல மைக் மில்ஸோட பியானோவையும் 'பி மைன்'ல கிட்டார் கொஞ்சம் கொஞ்சமா தடிச்சு ஏறறதையும் கேட்டா உங்களுக்குத்தான் மத்தவங்கள விட அதிகமா பிடிக்கும். ராஜாவ விட்டுட்டு வரச் சொல்லலண்ணே. அடுத்த தடவ ராத்திரி பினாங்குக்கு கார்ல போகும்போது, தாப்பா தாண்டினதும் போடுங்க. இது ஊர் ஊரா டூர் போன காலத்துல உருவான பாட்டுங்க, ஹைவேயில கேட்டாத்தான் அதோட நட பிடிபடும், மெனோரா சுரங்கப் பாதைக்குள்ள போகும்போது 'லீவ்' ஓடணும்னு எனக்கு ஆச.

கே: சிடி, எல்பி எங்க கெடைக்கும்? (சுபாங் ஜெயா வாசகி)

ப: பெட்டாலிங் ஜெயாவுல ஆம்கார்ப் மால், சனி ஞாயிறு பழைய பொருள் சந்தையில இசைத் தட்டு விக்கறவங்க உக்காந்திருப்பாங்க, அங்க கேட்டுப் பாருங்க. 2021ல 25ஆவது வருஷத்துக்கு மறுபதிப்பு வந்துச்சு, எல்பி வேணும்னா அதத் தேடுங்க, 1996 தட்டுக்கு பெரிய வெல சொல்லுவாங்க, நமக்கு அது அவசியமில்ல. சிடி போதும்னா பழசே வாங்குங்க, வெளிச்சத்துல சாச்சு கீறல் பாத்துட்டு காசு குடுங்க.