தெருவின் கோரிக்கை தீர்மானமாக வேண்டும்: குடியிருப்போர் நலச்சங்கங்கள் குறித்த கேள்வி பதில்

வேலூர் மாநகராட்சிப் பகுதியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் குடியிருப்போர் நலச்சங்கங்களில் இருக்கும் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு, சத்துவாச்சாரியில் 14 ஆண்டுகளாகச் சங்கச் செயலாளராகப் பணியாற்றிவரும் நான், பட்டறிந்தவற்றைக் கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ரங்காபுரம்): ஐயா, எங்கள் நகரில் 42 வீடுகள் உள்ளன. சங்கத்தைப் பதிவு செய்ய என்ன செய்ய வேண்டும்? பதிவு செய்வதால் என்ன பயன்?

பதில்: 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி, குறைந்தது 7 பேர் சேர்ந்து, சங்கத்தின் நோக்கங்களையும் துணை விதிகளையும் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கவும், வசூலிக்கும் சந்தாவுக்குக் கணக்குக் காட்டவும், நிர்வாகிகள் மாறினாலும் சங்கம் தொடரவும் பதிவு உதவுகிறது. ஆனால் பதிவோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, வரவு செலவுக் கணக்கையும் நிர்வாகிகள் மாற்றத்தையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டிவிட்டு, அதன்பின் ஓர் ஆண்டுகூடக் கணக்குத் தாக்கல் செய்யாத சங்கங்களை நம் பகுதியிலேயே பார்த்திருக்கிறேன். உறுப்பினர்களுக்குள் பிணக்கு வரும் நாளில் அத்தகைய சங்கத்தின் சார்பாகப் பேசும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதே வழக்காகிவிடுகிறது.

கேள்வி (காட்பாடி): மழைநீர்க் கால்வாயைத் தூர்வாரக் கோரி மூன்று ஆண்டுகளாக மனு கொடுத்து வருகிறோம். "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதில் வருகிறது. கால்வாய் அப்படியேதான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: எங்களுக்கும் இதுவே நேர்ந்தது. ஓர் ஆண்டு புரட்டாசியில் ஆட்கள் வந்து சேற்றை வாரினார்கள். வாரிய சேற்றைக் கால்வாயின் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் பெய்த மழையில் அந்தச் சேறு முழுவதும் கால்வாய்க்குள்ளேயே திரும்ப இறங்கியது. ஏடுகளின்படி பணி முடிந்துவிட்டது. எங்கள் மனுவும் முடித்துவைக்கப்பட்டது. அன்றுதான் பிழையில் ஒரு பாதி எங்கள் மனுவில் இருந்தது என்று உணர்ந்தோம். "கால்வாயைத் தூர்வார வேண்டுகிறோம்" என்ற ஒற்றை வரிக்கு, ஒரு கூடைச் சேற்றை அள்ளினாலும் பதில் சொல்லிவிடலாம் அல்லவா?

மறு ஆண்டு, உறுப்பினர்கள் நால்வர் ஒரு மூங்கில் கழியையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு கால்வாயின் நெடுக நடந்தோம். பத்தடிக்கு ஓரிடத்தில் கழியை இறக்கி, சேறு படிந்த உயரத்தைக் குறித்துக்கொண்டோம். மூன்றடி ஆழமுள்ள கால்வாயில் பல இடங்களில் ஒன்றரை அடிக்குச் சேறு நின்றது. எந்தச் சிறுபாலத்திலிருந்து எந்த மின்கம்பம் வரை, எத்தனை அடி நீளம், எவ்வளவு சேறு என்ற கணக்கை மனுவில் எழுதி, அள்ளும் சேற்றை அன்றன்றே டிராக்டரில் அப்புறப்படுத்த வேண்டும் என்பதையும் சேர்த்து, பொதுக்குழுத் தீர்மானத்தின் நகலை இணைத்துக் கொடுத்தோம். அந்த ஆண்டு டிராக்டர் வந்தது.

வராமல் போனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஆவணம் கிடையாது. அந்தப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, முடிந்த பணியின் அளவை அலுவலர்கள் எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். நீங்கள் எடுத்த அளவையும் புத்தகத்தில் எழுதப்பட்ட அளவையும் அருகருகே வைத்துப் பேசும்போது, குரலை உயர்த்த வேண்டிய தேவையே இருப்பதில்லை.

கேள்வி (சாயிநாதபுரம்): கிராம சபை போல நகரத்திலும் சபை உண்டு என்கிறார்கள். எங்கள் வார்டில் அப்படி ஒன்று நடந்ததாகவே தெரியவில்லையே?

பதில்: உண்டு. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைய வேண்டும் என்றது. ஆனால் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வார்டுகளுக்கு ஒரு குழு போதும் என்று அது இடமளித்ததால், 60 வார்டுகளும் 4 மண்டலங்களும் கொண்ட வேலூர் போன்ற மாநகராட்சியில் மண்டலக் குழுவே வார்டுக் குழுவாகக் கருதப்படும் நிலை இருந்தது. அங்கே தெருவில் குடியிருப்பவருக்கு இருக்கை இல்லை. 2022-இல் தமிழ்நாடு அரசு வகுத்த விதிகளே, ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு குழுவும், வார்டைப் பிரித்து அமைக்கப்படும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பகுதி சபையும் வேண்டும் என்று சொல்லின. அந்தப் பகுதியின் வாக்காளர்கள் அனைவரும் சபையின் உறுப்பினர்கள். மாமன்ற உறுப்பினர் தலைமை வகிப்பார். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று மாநிலம் முழுவதும் இக்கூட்டங்கள் நடத்தப்பட்டன. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகியவை சபை கூட வேண்டிய நாட்கள்.

கூட்டம் நடப்பதே தெரியவில்லை என்பது பலரும் சொல்லும் குறை, நியாயமான குறை. அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பே, உங்கள் பகுதிக்கான இடத்தையும் நேரத்தையும் அறிவிக்கும்படி மாமன்ற உறுப்பினருக்கும் ஆணையருக்கும் சங்கம் எழுத்தில் கேட்க வேண்டும். கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். சபையில் ஐம்பது குறைகளைக் கொட்டுவதைவிட, முந்தைய வாரமே சங்கத்தில் பேசி மூன்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றைத் தீர்மானமாக எழுதச் செய்வதே பலன் தரும். நேரமும் முக்கியம். காலை 11 மணிக்குக் கூட்டினால் பணிக்குச் செல்பவர்கள் வர இயலாது. சித்திரை வெயிலில் திறந்த வெளியில் கூட்டினால் முதியவர்கள் வர இயலாது. தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில் வருகிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் பெண்கள்தாம். அவர்களுக்கு ஏற்ற நேரத்தைக் கேட்டறிந்து, அதையே கோரிக்கையாக வையுங்கள்.

கேள்வி (தோட்டப்பாளையம்): நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கிறோம். "சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் சங்கம்" என்கிறார்கள். எங்களுக்குப் பேச இடமில்லையா?

பதில்: அம்மா, சங்கத்தில் யார் உறுப்பினர் என்பதை அதன் துணை விதிகள் முடிவு செய்கின்றன. பகுதி சபைக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். வீடு யாருடையது என்று அங்கே எவரும் கேட்க முடியாது. மருத்துவமனைப் பணிக்காகவும் படிப்புக்காகவும் வந்து குடியேறியவர்கள் நிறைந்த வேலூரில், வாடகைதாரரை வெளியே நிறுத்தும் சங்கம் தெருவின் பாதிக் குரலை இழந்துவிடுகிறது. உங்கள் சங்கத்தார் துணை விதியைத் திருத்த வேண்டும் என்றே நான் கேட்டுக்கொள்வேன்.

கேள்வி (கணியம்பாடி ஒன்றியம்): கிராம சபையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். தீர்மானத்தில் என்ன எழுதினார்கள் என்பதே தெரிவதில்லை.

பதில்: எழுதப்படாத ஏட்டில் கையெழுத்திடாதீர்கள். தீர்மானங்களை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுவோம் என்று நாலைந்து பேர் அமைதியாகச் சொன்னாலே நடைமுறை மாறும். கூட்டத்துக்குக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் உண்டு: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் இப்போது கிராம சபை நாட்கள். உங்கள் பகுதியிலேயே, நாகநதிப் படுகையில் நூறு நாள் வேலைத் திட்டப் பெண்கள் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் நீர்செறிவுக் கிணறுகளை அமைத்தார்கள். அத்தகைய பணிகளை எந்த ஓடையில், எந்த இடத்தில் செய்ய வேண்டும் என்று சொல்லும் உரிமை கிராம சபைக்கு இருக்கிறது.

கேள்வி (பாகாயம்): மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒருவர் வேலி போட்டிருக்கிறார். சங்கம் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வேலியைப் பிடுங்கப் போகாதீர்கள். நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் அளித்த மனைப்பிரிவு வரைபடத்தின் நகலையும், அந்த இடம் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டதா என்பதைக் காட்டும் வில்லங்கச் சான்றையும் பெறுங்கள். பத்திரம் இருந்தால் அது மாநகராட்சியின் சொத்து. ஆக்கிரமிப்பை அகற்றும் கடமையும் அதற்கே. பத்திரம் எழுதப்படாமல் விடப்பட்டிருந்தால், ஒப்புதல் வரைபடத்தைக் காட்டி ஆணையரிடமும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திடமும் உடனே எழுத்தில் முறையிடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் விற்பனைக்கு வழிவிடும்.

கேள்வி (விருதம்பட்டு): பூங்காவைச் சீரமைக்க நாங்களே பணம் திரட்டத் தயார். அரசும் பங்கு தருமா?

பதில்: தரும். நமக்கு நாமே திட்டத்தில், பொதுவாக மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் எஞ்சியதை அரசு ஏற்கிறது. பங்களிப்பை வங்கி வரைவோலையாக மாநகராட்சியின் பெயரில் செலுத்தி, ரசீதைச் சங்கக் கோப்பில் வையுங்கள்; ஒப்பந்தக்காரர் கையில் ஒரு ரூபாயும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். பணம் கட்டும் முன்பே மதிப்பீட்டின் நகலைக் கேட்டு வாங்கி, நடைபாதை எத்தனை அடி, விளக்குகள் எத்தனை என்பதைப் பொதுக்குழுவில் வாசித்துவிடுங்கள். பணி நடக்கும்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அளந்து பார்க்க, சங்கத்தில் இருவரையாவது நியமியுங்கள்.