5 கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது? தரவுத்தளத்திடம் கேட்கும் முறை

கேள்வி: மருந்துக்கடைகளைக் காட்டும் செயலி ஒன்றை நடத்துகிறேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 6 லட்சம் கடைகள். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் தனித்தனிப் பத்திகள். இரண்டுக்கும் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் வரிசைப்படுத்திய குறிப்பு) உண்டு. பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும் ஹாவர்சைன் சூத்திரத்தில் தூரம் கணக்கிட்டு 5 கி.மீ.க்குள் உள்ளவற்றை எடுக்கிறேன். ஒவ்வொரு தேடலும் சில விநாடிகள் இழுக்கிறது. பெரிய சர்வருக்கு மாற வேண்டுமா?

பதில்: வேண்டாம், பணத்தை மிச்சப்படுத்துங்கள். பயனர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துத் தூரம் மாறுவதால், அதை இண்டெக்ஸில் முன்கூட்டியே எழுதிவைக்க வழியில்லை. அதனால்தான் ஒவ்வொரு தேடலிலும் 6 லட்சம் கடைகளுக்கும் சைன், கொசைன் கணக்கு ஓடுகிறது.

முதலில் ஒரு சதுரம் கட்டி வடிகட்டலாம். அட்சரேகையில் ஒரு டிகிரி ஏறக்குறைய 111 கி.மீ.; ஆகவே 5 கி.மீ. என்பது 0.045 டிகிரி. தீர்க்கரேகைக்கு இதை அட்சரேகையின் கொசைனால் வகுக்க வேண்டும். சென்னையில் வித்தியாசம் சொற்பம். லண்டனில் தீர்க்கரேகையின் ஒரு டிகிரி 69 கி.மீ.யாகச் சுருங்கிவிடும். இதுவே வேகத்தைக் கூட்டும். ஆனாலும் அட்சரேகை இண்டெக்ஸ் உங்களுக்குத் தருவது கிழக்கு மேற்காக நீளும் ஒரு பட்டை; சென்னைக்குத் தேடினால் பெங்களூருக் கடைகளும் அதில் வந்து நிற்கும்.

இரு திசைகளையும் ஒன்றாகப் பார்க்கும் இண்டெக்ஸ்தான் சரியான தீர்வு. போஸ்ட்கிரெஸுக்கு இட வசதிகளைச் சேர்க்கும் போஸ்ட்ஜிஐஎஸ் நீட்சியை நிறுவி, இரு பத்திகளையும் ஜியோகிரபி (பூமியின் மேலுள்ள இடம்) என்ற தரவு வகையில் ஒரே புள்ளியாக்கி, அதன் மேல் ஜிஸ்ட் (GiST) வகை இண்டெக்ஸ் போடுங்கள். அருகருகே உள்ள புள்ளிகளைச் செவ்வகங்களாகவும், அவற்றை மேலும் பெரிய செவ்வகங்களாகவும் அது அடுக்கி வைக்கும். தேடும்போது தொடர்பில்லாத செவ்வகம் உள்ளிருக்கும் கடைகளோடு மொத்தமாகக் கழிந்துவிடும்.

இங்கே பலர் சறுக்குவது நிபந்தனையில். தூரத்தைக் கணக்கிடும் எஸ்டி_டிஸ்டன்ஸ் (ST_Distance) 5000-க்குக் குறைவு என்று எழுதினால் இண்டெக்ஸ் தீண்டப்படாது, பழைய கதைதான். ‘இவ்வளவு தூரத்துக்குள்ளா’ என்று பார்க்கும் எஸ்டி_டிவிதின் (ST_DWithin) என்று எழுதுங்கள், தூரத்தை மீட்டரில் கொடுங்கள். புள்ளி அமைக்கும்போது தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. மாற்றிக் கொடுத்தால் சென்னைக் கடைகள் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது.

‘அருகிலுள்ள 10 கடைகள்’ மட்டும் போதுமென்றால் ஆரமே தேவையில்லை. <-> குறியால் வரிசைப்படுத்தி 10 என்று வரம்பு வையுங்கள். இண்டெக்ஸே அருகிலிருந்து தொலைவுக்கு எடுத்துத் தரும். நாளை டெலிவரி வண்டிகளையும் காட்ட நினைத்தால், சில விநாடிக்கொருமுறை நகரும் அந்த இருப்பிடங்களை இந்த அட்டவணையில் எழுதாதீர்கள். நினைவகத்திலேயே தரவை வைத்திருக்கும் ரெடிஸ் தரவுத்தளத்தின் ஜியோ கட்டளைகள் அதற்குப் பொருத்தமானவை.

மாற்றிய பிறகு, தேடல் எப்படி நடந்தது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் (EXPLAIN ANALYZE) கட்டளையை ஓட்டி, இண்டெக்ஸ் பயன்படுகிறதா என்று பாருங்கள். 100 கடைகளை மட்டும் ஏற்றிச் சோதிக்காதீர்கள். அவ்வளவு சிறிய அட்டவணையை முழுதாகப் படிப்பதே மலிவு என்று போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸை ஒதுக்கிவிடக்கூடும்.