கணக்கில் பணம் பிடிக்கப்பட்டது, கடையில் ஆர்டர் இல்லை

கேள்வி: நான் இணையதளம் வழியாகக் கைத்தறிச் சேலை விற்கிறேன். அண்மையில் ஒரு வாடிக்கையாளர் யுபிஐ மூலம் 1,850 ரூபாய் செலுத்தினார். அவர் கணக்கில் பணம் பிடிக்கப்பட்ட பிறகும் எங்கள் தளம் ‘தோல்வி’ என்று காட்டியதால், மறுபடியும் செலுத்திவிட்டார். தளத்தை அமைத்துத் தந்தவர், வாடிக்கையாளரிடம் பணத்தை வாங்கி எங்களுக்குச் சேர்க்கும் பேமென்ட் கேட்வே நிறுவனத்தைக் குறை சொல்கிறார். தவறு யாருடையது?
– வாசகி, சின்னாளபட்டி

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், தவறு பெரும்பாலும் தளத்தை அமைத்த விதத்தில்தான் இருக்கிறது. பணம் செலுத்தியவரின் உலாவி கடையின் பக்கத்துக்குத் திரும்பி வருவதையே பணம் வந்ததற்குச் சான்றாகப் பல தளங்கள் எடுத்துக்கொள்கின்றன. யுபிஐ செயலிக்குப் போனவர் அங்கேயே கைப்பேசியை அணைத்துவிடலாம், சிக்னல் போய்விடலாம்; அப்போது பணம் கேட்வேக்கு வந்து சேர்ந்திருக்கும், உங்கள் தளத்துக்குத்தான் தெரிந்திருக்காது.

இதற்காகவே கேட்வே நிறுவனங்கள், உலாவியை நம்பியிராமல், தங்கள் சர்வரிலிருந்து உங்கள் சர்வருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும் வெப்ஹுக் என்ற வசதியைத் தருகின்றன. அந்தச் செய்தியோடு, உங்களுக்கும் கேட்வேக்கும் மட்டுமே தெரிந்த ரகசியக் குறியீட்டைக் கொண்டு கணக்கிட்ட கையொப்பம் ஒன்றும் வரும். அதைச் சரிபார்க்காமல் ஆர்டரை உறுதிசெய்தால், போலிச் செய்தி அனுப்பிச் சேலையை இலவசமாக வாங்கிப்போக யாராலும் முடியும். செய்தியை வந்தபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பதையும், ஒரே செய்தி இருமுறை வரக்கூடும் என்பதால் பேமென்ட் எண்ணைக் குறித்துவைத்து இரண்டாவதை விட்டுவிட வேண்டும் என்பதையும் உங்கள் தொழில்நுட்பருக்குச் சொல்லுங்கள்.

வெப்ஹுக் தாமதமாகும் நேரமும் உண்டு. அதனால் ‘தோல்வி’ என்று காட்டுவதற்கு முன் அந்த ஆர்டரின் நிலையை ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வழி) வழியாகக் கேட்வேயிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் தெளிவாக இல்லாவிட்டால் ‘சரிபார்க்கிறோம், மறுபடி செலுத்த வேண்டாம்’ என்று காட்டுவதே முறை. இந்த ஒரு வரி இருந்திருந்தால் உங்கள் வாடிக்கையாளர் இரண்டாம் முறை பணம் கட்டியிருக்க மாட்டார். தொகையை அனுப்பும் விதத்தையும் கவனியுங்கள்: அதை ஆர்டரில் பைசாவில் குறிக்கும்படி ரேசர்பே போன்ற கேட்வே நிறுவனங்கள் கேட்கின்றன. 1,850 ரூபாய்க்கு 185000 என்று அனுப்ப வேண்டும். அந்தத் தொகையை உலாவியிலிருந்து வாங்காமல், உங்கள் சர்வரே விலைப்பட்டியலைப் பார்த்து எழுத வேண்டும்.

பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பைப் பொறுத்தவரை, கடைக்கு உறுதிச்செய்தி வராத யுபிஐ பரிமாற்றத்தின் பணம் அடுத்த 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்திருக்கிறது. ஆனால் கேட்வேயின் கணக்குப் பக்கத்தில் இரண்டு தொகைகளுமே ‘பெறப்பட்டது’ என்று இருந்தால், வங்கி திருப்பித் தரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. இரண்டாவது தொகையை நீங்களே அங்கிருந்து திருப்பி அனுப்ப வேண்டும். முதலில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு தளத்தை அமைத்தவரை அழையுங்கள்.