பட்டம் பெற்றோர் விகிதம் 100-ஐத் தாண்டுவது ஏன்?

ஓர் அரசுப் பொறியியல் பல்கலையின் பட்டம் பெற்றோர் விகிதத்தைக் கணக்கிட்டால் 100 சதவீதத்தைத் தாண்டுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். பட்டம் பெற்றோர் எண்ணிக்கையை முதலாண்டில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கையால் மட்டும் வகுத்திருக்கிறீர்கள், அதனால்தான் இப்படி வருகிறது. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்கிறார்களே, அவர்களையும் வகுக்கும் எண்ணில் கூட்டுங்கள்.

என்.ஐ.ஆர்.எஃப். (மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனத் தரவரிசை) அட்டவணையில் அவர்களுக்குத் தனிக் கட்டமே உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் உள்ள ஆண்டைச் சரிபாருங்கள்: முதலாண்டுச் சேர்க்கை 2019-20, நேரடி இரண்டாம் ஆண்டு 2020-21, பட்டம் 2022-23, இந்த மூன்றும்தான் ஒரே பேட்ச். நானும் இங்கே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன்.

அப்புறம், பட்டம் பெற்றோர் கட்டத்தில் வருவது பி.இ.யை உரிய காலத்துக்குள், அதாவது முதலாண்டில் சேர்ந்தவர் என்றால் நான்கே ஆண்டில், முடித்தவர்கள் மட்டும். அரியர் எழுதி ஐந்தாம் ஆண்டில் முடித்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார், அதனால் மீதிப் பேர் எல்லாரும் படிப்பைக் கைவிட்டவர்கள் என்று எழுதிவிடாதீர்கள்.